செவிலியருக்குத் தேவைப்படும் ஆங்கிலம்

பிரிட்டனில் செவிலியராகப் பதிவுபெற விரும்பும் நம் இளைஞர்கள் பலர் ‘ஓஇடி’ எனப்படும் மருத்துவத் துறைக்கான ஆங்கிலத் தேர்வை எழுதுகிறார்கள். அதன் பேச்சுப் பிரிவில் எதிரே இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். தேர்வர் செவிலியராகப் பேச வேண்டும். உச்சரிப்பு, இலக்கணம் ஆகியவற்றோடு, நோயாளியின் மனநிலையை உணர்ந்து பேசும் திறனுக்கும் 2018 முதல் மதிப்பெண் உண்டு. நமது ஆங்கிலக் கல்வி கண்டுகொள்ளாத இடம் அது.

செவிலியர் பட்டப் படிப்பை ஆங்கிலத்திலேயே முடித்தவருக்கு ‘ஹைப்பர்டென்ஷன்’ தெரியும். ஆனால், ‘ஐ ஃபீல் எ பிட் லோ’ என்று ஒரு முதியவர் முணுமுணுத்தால், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ குறைந்துவிட்டதாக அவர் எண்ணக்கூடும். முதியவர் சொல்வதோ மனச்சோர்வை. ‘ஸ்பெண்ட் எ பென்னி’ என்று ஒரு மூதாட்டி கூச்சத்துடன் சொன்னால், அவருக்குக் கழிப்பறை செல்ல வேண்டும் என்று பொருள். காசு போட்டால் திறக்கும் பொதுக் கழிப்பறைகள் இருந்த காலத்து வழக்கு அது. புரியாமல் நகர்ந்துவிட்டால் படுக்கை நனையும். அவமானம் அந்த மூதாட்டிக்கு.

தெரியாத சொற்களைவிடத் தெரிந்ததாக நாம் நம்பும் சொற்கள் ஆபத்தானவை. ‘ஃபீல் பண்ணாதே’ என்றால் தமிழில் வருந்தாதே என்று பொருள். அதையே ‘டோன்ட் ஃபீல்’ என்று ஆங்கிலமாக்கினால், உணர்ச்சியே கூடாது என்று கட்டளையிடுவதுபோல ஒலிக்கும். கோபம், பதற்றம், எரிச்சல் மூன்றுக்கும் நமக்கு ‘டென்ஷன்’ ஒன்றே போதுமானதாக இருக்கிறது. ஆங்கிலத்தில் அவை மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு.

இதற்குத் தீர்வாகப் பயிற்சி மையங்கள் மரபுத்தொடர்ப் பட்டியல்களைத் தருகின்றன. பூனையும் நாயுமாக மழை பொழியும் அந்தப் பழைய தொடர் இன்றும் முதலிடத்தில்! பட்டியலில் பொருள் இருக்கும், சூழல் இருக்காது. வயிற்றில் பட்டாம்பூச்சி பறப்பதாக ஆங்கிலேயர் சொல்வதை, நம் ‘வயிற்றில் புளியைக் கரைப்பது’ என்று மனப்பாடம் செய்பவர் உண்டு. முன்னது, மேடை ஏறும் முன் எழும் படபடப்பு. பின்னது, நடுக்கும் அச்சம். புற்றுநோய்ப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவரிடம் பட்டாம்பூச்சியைப் பற்றிப் பேசினால், அவரது பயத்தை விளையாட்டாக எடுத்துக்கொண்டதாகவே தோன்றும். தமிழில் இந்த நுட்பம் நம் மாணவருக்கு நன்றாகவே தெரியும். அங்கிருந்து தொடங்காமல் பட்டியலிலிருந்து தொடங்குவதுதான் பிழை.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் திருத்திய பட்டப் படிப்புப் பாடத்திட்டத்தில், உரையாடலுக்கான ஆங்கிலம் முதல் பருவத்தில் இடம்பெற்றிருக்கிறது. வரவேற்கத்தக்கதுதான். ஆனால், மாணவர்கள் நோயாளிகளோடு நெருங்கிப் பழகுவது அதற்குப் பிந்தைய பருவங்களில். வார்டில் அன்று தமிழில் கேட்ட ஒரு புலம்பலை, மாலை வகுப்பில் ஆங்கிலத்தில் இருவர் நடித்துப் பார்க்கப் பத்து நிமிடங்கள் போதும். புதிய பாடநூலோ கூடுதல் நிதியோ இதற்குத் தேவையில்லை. கல்லூரிகள் செய்யாதவரை, அந்தப் பத்து நிமிடங்களைக் கடன் வாங்கிய பணத்தில் பயிற்சி மையங்களிடம் வாங்கிக்கொண்டிருப்பார்கள் பெற்றோர்கள்.