மண்ணுக்கு மேலே ஒரு சுரங்கம்

நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் கிராமத்தை ராஜராஜ சோழன் தானம் செய்த செய்தியை, அவன் மகன் ராஜேந்திரன் 21 செப்பேடுகளில் வெட்டுவித்து, வளையத்தில் கோத்து, ராஜமுத்திரை பதித்து வைத்தானே, அந்த ஏடுகள் ஏறத்தாழ ஆயிரம் வருஷம் கழித்தும் நாம் படிப்பதற்குக் கிடைக்கின்றன என்றால், அது செம்பு என்னும் லோகத்தின் சுபாவத்தினால் விளைந்த பயன். காற்றும் ஈரமும் பட்டால் செம்பும் மாறத்தான் செய்கிறது. ஆனால் இரும்பின் துரு பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளே இருப்பதையும் தின்றுவிட, செம்பின்மேல் படியும் பச்சைக் களிம்போ பெரும்பாலும் மேல்தோலைப் போல ஒட்டிக்கொண்டு உள்ளிருப்பதைக் காத்து நிற்கிறது.

இதைவிட மேலான குணம் ஒன்றும் அதற்கு உண்டு. 1085 டிகிரி செல்ஷியஸில் உருகும் செம்பை எத்தனை முறை உருக்கினாலும், கலந்துவிட்ட மாசை மின்சாரத்தால் பிரித்துச் சுத்தி செய்துவிட்டால், சுரங்கத்திலிருந்து நேற்று வந்த செம்புக்கும் அதற்கும் யாதொரு பேதமும் இராது. இந்த உண்மையை ரசாயன சாஸ்திரம் படித்தறியாத நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். ஓட்டை விழுந்த தவலையையும் நசுங்கிய குடத்தையும் அவர்கள் வீதியில் எறிந்ததில்லை. பாத்திரக்கடையில் எடைக்குப் போட்டு, சேதாரமும் கூலியும் கழித்துப் புதியது வாங்கினார்கள். கல்யாணச் சீராக வந்த பெயர் வெட்டிய அண்டா, பேத்தியின் காலத்தில் உருகி வேறொரு வீட்டுக் குடமாகியிருக்கும். சுவாமிமலை ஸ்தபதிகள், தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடித்து, காவிரி வண்டலை அதன்மேல் அப்பி, நெருப்பில் காட்டி மெழுகை வழியவிட்டு, அந்த வெற்றிடத்தில் வார்க்கும் கலவையிலும் பெரும்பங்கு செம்புதான்.

இன்றைக்குச் செம்பு என்றவுடன் ஜனங்கள் பேசுவது குடிநீர்ப் பாத்திரத்தைப் பற்றியே. செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் மடிவதைப் பெங்களூர் ஆய்வாளர்கள் 2012ல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியிருக்கிறது, பேச்சு பொய்யன்று. எனினும் நம் காலத்துச் செம்பு குடத்தில் இல்லை, கம்பியில் இருக்கிறது. 1831ல் ஃபாரடே கம்பிச் சுருளின் நடுவே காந்தத்தை அசைத்து மின்சாரத்தைப் பிறப்பித்த நாள் முதல், வெள்ளி ஒன்றைத் தவிர வேறெந்த லோகமும் மின்கடத்தலில் செம்பை வென்றதில்லை. சுவருக்குள் ஓடும் ஒயர், கிணற்று மோட்டாரின் காயில், டிரான்ஸ்பார்மர், காற்றாலை எல்லாம் அதைக் கொண்டே நடக்கின்றன. மின்சாரக் காருக்கோ பெட்ரோல் காரைப்போலச் சுமார் நான்கு பங்கு செம்பு வேண்டியிருக்கிறது.

இத்தனை செம்புக்கும் பூமி தரும் விலை பெரிது. 100 கிலோ பாறையை உடைத்தால் 1 கிலோ செம்புகூடத் தேறாத சுரங்கங்களே இன்று மிகுதி. தாதுவோடு கலந்திருக்கும் கந்தகம் உலையிலே நச்சுவாயுவாக எழுகிறது. உருக்காலையின் பாரம் என்னவென்று தமிழ்நாட்டுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடி ஆலையை எதிர்த்த போராட்டத்தில், 2018 மே மாதம், 13 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அம்மாதமே ஆலை மூடப்பட்டது. அதன்பின் தேசம் செம்பை ஏற்றுமதி செய்த நிலை மாறி இறக்குமதியை நாடியது. ஆலை வேண்டும் என்பாரும் கூடாது என்பாரும் இன்றுவரை வாதிக்கிறார்கள். அவ்விரு தரப்பாரும் பேசாமல் விட்ட மூன்றாவது ஊற்று ஒன்று, நம் வீடுகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் குவிந்து கிடக்கிறது.

அந்தச் செம்பை நாம் எப்படி மீட்கிறோம் என்பதைப் பொழுது சாய்ந்த பின் நகரத்தின் புறத்தே உள்ள ஏதாவதொரு பொட்டலில் நின்று பார்க்கலாம். அறுந்த ஒயர்களைக் குவித்து, பழைய டயரை இட்டுக் கொளுத்துகிறார்கள். கரும்புகை அடங்கியதும் தண்ணீர் தெளித்து, சாம்பலைக் கழியால் தட்டி உதிர்த்து, கறுத்த கம்பியைச் சுருட்டிச் சாக்கில் கட்டுகிறார்கள். ஒயரின் மேலுறையான பி.வி.சி.யில் குளோரின் இருக்கிறது; அது வேகும்போது செம்பே கிரியா ஊக்கியாக நின்று டயாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு பிறப்பதற்குத் துணை செய்கிறது. அதைச் சுவாசிப்பவர்கள் கொளுத்துகிறவர்களும் பக்கத்துக் குடிசைகளின் குழந்தைகளும்தாம். இவர்களைக் குற்றவாளிகளாக்கி விரட்டுவதை நான் ஏற்கமாட்டேன். தேசத்துக்கு வேண்டிய ஒரு பெரிய காரியத்தை, கையுறைகூட இல்லாமல், யாரும் நன்றி சொல்லாமல் செய்துகொண்டிருப்பவர்கள் இவர்கள்.

நெருப்பே இல்லாமல் இதைச் செய்ய வழி இருக்கிறது. ஒயரை உறையோடு சிறுசிறு மணிகளாக நறுக்கி, அதிரும் மேஜையில் ஓடவிட்டால், கனமான செம்பு ஒரு பக்கமும் இலேசான பிளாஸ்டிக் மறுபக்கமும் தாமே பிரிந்துவிடும். கொளுத்திக் கறுத்த கம்பியைவிட இந்தச் சுத்தமான மணிகளுக்குச் சந்தையில் விலையும் கூடுதல். குறையெல்லாம் முதலீடுதான், தனியொரு பழைய இரும்புக் கடைக்காரருக்கு அந்த இயந்திரம் எட்டாத பொருள். மின்னணுக் கழிவு குறித்து மத்திய அரசு 2022ல் பிறப்பித்த விதிகள், பொருளைத் தயாரித்து விற்றவரே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்கின்றன. அந்தப் பொறுப்பை ஏட்டுக் கணக்காக முடித்துவிடாமல், தயாரிப்பாளர்களிடம் பணம் பெற்று, நகராட்சிதோறும் ஓர் இயந்திரத்தைப் பொதுவில் நிறுவி, ஒயர் பொறுக்கும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து அதை நடத்தும்படி அரசு செய்ய வேண்டும். எரித்த கம்பியை வாங்குவதில்லை என்று உருக்குவோரும் கட்டுப்பாடு செய்துகொண்டால், பொட்டலில் தீ மூட்டுவதற்கு எவருக்கும் அவசியம் இராது.