பெட்டி முதலில், பாம்பு அப்புறம்

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கடைக்குப் போய் மலைப்பாம்பு வாங்கி வரலாம். சினிமா அனகோண்டா சைஸுக்குக் கற்பனை செய்ய வேண்டாம். இது பால் பைத்தான். கானா, டோகோ, பெனின் பக்கத்து ஆள். முழுசாக வளர்ந்தாலும் மூன்றிலிருந்து ஐந்து அடிதான். பயந்தால் பெரும்பாலும் கடிக்காது, பந்து மாதிரி சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். பெயர்க்காரணம் அதுதான். (நம்ம ஊரில் சாரைப்பாம்பைப் பிடித்து வளர்க்க யாரும் கிளம்பிவிடாதீர்கள். 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியிருக்கும்!)

இந்தப் பாம்பை எதில் வைப்பது என்பதில்தான் சண்டையே. நூற்றுக்கணக்கில் குட்டி பொரித்து விற்பவர்கள் பிளாஸ்டிக் டிராயர்களை அலமாரி மாதிரி அடுக்கி, ஒன்றுக்கு ஒரு பாம்பு என்று வைக்கிறார்கள். அவர்களுக்கு அது சரக்கு, அது கிடங்கு. கணக்கு புரிகிறது. ஆனால் ஒரே ஒரு பாம்பை ஆசையாக வாங்கிய ஆளும் அதே டிராயரில் ஏன் வைக்க வேண்டும்?

கேட்டால், "காட்டிலேயே பொந்துக்குள்தானே இருக்கு, பெரிய இடம்னா பயந்து சாப்பிடாது" என்பார்கள். பாதி உண்மை. எலிப்பொந்திலும் கறையான் புற்றிலும்தான் பகலைக் கழிக்கும். ஆனால் ராத்திரி வெளியே வந்து வேட்டையாடும், மரமேறும், பறவையைக்கூடப் பிடிக்கும். பெரிய பெட்டியில் அதைப் பயமுறுத்துவது ஒளிய இடமில்லாத வெட்டவெளி. நாலு இடத்தில் மறைவு வைத்தால் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது.

பெரிய பாம்புக்கு நாலடி நீளம், இரண்டடி அகலமாவது வேண்டும். உடம்பை நேராக நீட்டிப் படுக்க முடியாத பெட்டி எதற்கு? ஒரு பக்கம் சுமார் 32 டிகிரி, மறுபக்கம் 26. தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கத் தெரியாத பிராணி, இங்கும் அங்கும் நகர்ந்துதான் சமாளிக்கும். அதனால் மறைவிடமும் இரண்டு பக்கமும் வேண்டும். ஒன்றே ஒன்று வைத்தால், சூடா பாதுகாப்பா என்று அது தினமும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட்டர் வயிற்றைப் பொசுக்கிவிடும். காற்று காய்ந்துபோனால் தோல் துண்டு துண்டாக உரியும், கண்மேல் உள்ள சவ்வு ஒட்டிக்கொள்ளும். மூடிக்குப் பூட்டு அவசியம், இல்லையென்றால் பாம்பைப் பக்கத்து வீட்டில் தேட வேண்டியதுதான் :-)

சாதாரண நிறத்துக் குட்டி மலிவு. பெட்டி, ஹீட்டர், தெர்மோஸ்டாட் எல்லாம் சேர்ந்தால் அதைவிடப் பல மடங்கு. கடையில் முதல் விலையை மட்டும் அட்டையில் எழுதி ஒட்டுகிறார்கள். பெட்டி தயாராகி, சில நாள் ஓடி, சூடு நிலையாக நிற்கிறது என்று காட்டினால்தான் பாம்பைக் கொடுப்போம் என்று கடைக்காரர் சொல்லவேண்டும். வியாபாரம் கொஞ்சம் குறையும். குறையட்டுமே.

ஏனென்றால் இது முப்பது வருடம் வாழக்கூடிய பிராணி. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்கு 1961-ல் ஒரு தனிநபர் கொடுத்துவிட்டுப் போன பால் பைத்தான், அறுபது வயதைத் தாண்டி 2020-ல் முட்டையிட்டது. இருபது வயதில் ஆசைப்பட்டு வாங்குகிறவர், ஐம்பதைத் தொடும்போதும் அந்தப் பெட்டிக்குக் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருப்பார்.