ஐயம் தீர்ந்த கருவி

வானநூல் அறிஞர் என்றதும், இரவெல்லாம் கண்விழித்து விண்மீன்களை நோக்கும் ஒருவரின் உருவமே நம் மனக்கண்முன் தோன்றுகிறது. வானமே தெரியாத மூடிய அறையில் அமர்ந்து, தம் கருவியையே ஐயுற்று ஆராயும் மற்றொருவரை நாம் நினைப்பதில்லை. அவருடைய உழைப்பே முன்னவரின் காட்சிக்கு அடிப்படை என்பது என் துணிபு.

தென்னமெரிக்காவில் சிலி நாட்டின் அட்டகாமாப் பாலைநிலத்தில், ஏறக்குறைய 2,635 மீட்டர் உயரமுள்ள பரனால் என்னும் மலை உள்ளது. அதன் உச்சியில் ஐரோப்பியத் தென்வானாய்வகத்தார் நான்கு பெருந்தொலைநோக்கிகளை நிறுவியுள்ளனர். ஒவ்வொன்றின் முதன்மை ஆடியும் 8.2 மீட்டர் அகலமுடையது. அவற்றுள் ஒன்றில் 'கிரையர்ஸ்' என்னும் நிறமாலைக் கருவி பொருத்தப்பட்டிருந்தது. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை மிக நுண்ணிதாகப் பகுத்துக் காட்டுவது அதன் தொழில்.

'பீட்டா பிக்டோரிஸ்' என்னும் விண்மீனைச் சுற்றிவரும் ஒரு கோளை அறிஞர் இக்கருவியால் ஆராய்ந்தனர். சுழலும் கோளின் ஒரு பக்கம் நம்மை நோக்கி வரும். மறுபக்கம் விலகிச் செல்லும். அதனால் அதன் நிறமாலைக் கோடுகள் அகன்று தோன்றும். அவ்வகலத்தைக் கொண்டு, அக்கோளில் ஒரு நாள் என்பது ஏறக்குறைய எட்டு மணி நேரமே என்று கணக்கிட்டு, 2014-இல் வெளியிட்டனர். ஞாயிற்றுக் குடும்பத்திற்கு அப்பாலுள்ள கோள் ஒன்றின் சுழற்சி அளக்கப்பட்டது அதுவே முதன்முறை.

இத்துணைப் புகழ் எய்திய கருவியை அதே ஆண்டில் கழற்றி எடுத்தனர். ஜெர்மனி நாட்டின் கார்ச்சிங் நகரில் அதனைப் புதுக்கிச் சோதித்தனர். ஒரே முறையில் அது பதியும் நிறமாலைப் பரப்பு ஏறக்குறையப் பத்து மடங்காக விரிந்தது. 2020-இல் பரவிய பெருந்தொற்றும் இடையூறு செய்தமையால், 2021-இல்தான் அது ஆய்வுப் பணிக்குத் திரும்பியது.

"புதிய உறுப்புகளைப் பொருத்தியவுடன் வானை நோக்கியிருக்கலாமே! இத்துணைச் சோதனை எதற்கு?" என்று சிலர் வினவலாம். அவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. அக்கருவி இல்லாது கழிந்த இரவுகள் மீண்டும் வாரா. ஆயினும் அதன் இயல்பை அறிந்தோர் அவ்வாறு கேளார்.

அறையின் வெப்பநிலையில் உள்ள எப்பொருளும் அகச்சிவப்புக் கதிரை வீசும். கருவியின் சுவரும் திருகாணியுங்கூட வீசும். ஆகவே காற்று நீக்கிய கலத்தினுள் அதனை வைத்துக் கடுங்குளிருக்கு உள்ளாக்குகின்றனர். குளிரில் உலோகம் சுருங்கும். நேராக நின்ற உறுப்பும் இடம்பெயரும். குறை கண்டால் வெப்பமேற்றித் திறந்து, திருத்தி, மீண்டும் குளிர்விக்க வேண்டும். பின்னர், கோடுகளின் இடம் முன்னரே அறியப்பட்ட விளக்கின் ஒளியைச் செலுத்தி, அவை உரிய இடத்தில் விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இறுதியில் ஒளி சிறிதும் புகாதவாறு மூடிவிட்டும் பதிவு செய்ய வேண்டும். அப்போதும் ஏதேனும் தோன்றுமாயின், அது வானத்திலிருந்து வந்ததன்று, கருவியினிடத்தே பிறந்தது.

இவற்றைச் செய்யாது விட்டால் நேர்வது யாது? கருவியே கோட்டை அகலமாக்கியிருக்க, நாம் அதனைக் கோளின் சுழற்சி என்போம். நம் வளிமண்டலத்து நீராவியின் கோட்டைத் தொலைதூரக் கோளின் நீர் என்று கொண்டாடுவோம். இழந்த இரவுகளினும் ஏற்றுக்கொண்ட பொய்யே பெருங்கேடு; நூல்களில் ஏறிய பிழையை இறக்குவது எளிதன்று.

அகச்சிவப்புக் கதிரைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷலும் இவ்வழியே சென்றவர். 1800-இல் அவர் ஞாயிற்றொளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்பு நிறத்திற்கு அப்பால் வெப்பமானியை வைத்தார். ஒளி காணாத அவ்விடத்திலும் வெப்பம் ஏறியது. ஆனால் அதனோடு அவர் அமையவில்லை. ஒளிக்கற்றைக்கு விலகிய இடத்திலும் வெப்பமானிகளை வைத்து ஒப்பிட்டார். அவ்வொப்பீடே அவர் கண்டதை உறுதி செய்தது.

எனவே சோதனைக்குச் செலவிட்ட காலத்தை வீண்காலம் என்று எண்ணுதல் தவறு. பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் மொழி. தன் கருவியை முதலில் ஐயுறுபவனே, பின்னர் அது காட்டுவதை உலகம் நம்பக் கூறும் உரிமை உடையவன்.