வண்டிக்கு ஜுரமா? ஓட்டிப் பாத்துட்டு சொல்லுங்க!

தில்லிக்குப் புதுசா வேலைக்கு வர்ற நம்ம பசங்க முதல் கோடையில கேக்கற கேள்விகள் மூணு. தண்ணி எத்தன மணிக்கு வரும்? கூலர் வாங்கலாமா, ஏசி வாங்கலாமா? "அண்ணே, வண்டி நெருப்பா கொதிக்குதே, இஞ்சின் போயிடுமா?" முதல் ரெண்டுக்கும் ஹவுஸ் ஓனர் பதில் சொல்லட்டும். மூணாவது நம்ம டிபார்ட்மெண்ட் :-)

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். சிக்னல்ல நிக்கும்போது சூடு ஏறி, ஓட ஆரம்பிச்சதும் இறங்கினா வண்டி நல்லா இருக்குன்னு அர்த்தம். ஓடும்போதும் ஏறிக்கிட்டே போனாதான் வைத்தியம் பாக்கணும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாததாலேயே நம்மாளுங்க பட்டறையில தண்டம் அழறாங்க.

காரணம் ரொம்ப சிம்பிள். நீங்க 100 ரூபாய்க்கு பெட்ரோல் போட்டா, தோராயமா 25-30 ரூபாய்தான் வண்டியை இழுக்குது. மிச்சமெல்லாம் சூடு. பாதி சைலன்சர் வழியா போகும், மீதியை இஞ்சின் வெளிய தள்ளணும். ஏர்-கூல்டு வண்டியில அந்த வேலையைச் செய்யறது சிலிண்டரைச் சுத்தி இருக்கற தகடுகள். அதுக்கு எதிர்காத்து வேணும். மந்திர் மார்க்ல தமிழ்ப் பள்ளிக்கூடம் விடற நேரத்துல ஆட்டோவுக்கும் ஸ்கூல் வேனுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க. இஞ்சின் ஓடுது, காத்து இல்ல. சூடு எங்க போகும்? உங்க காலுக்குத்தான்!

இதுல தில்லி வெயில் வேற. ஒரு பேச்சுக்கு தகடு 150 டிகிரின்னு வச்சுக்குங்க. ஜனவரியில வெளிய 10 டிகிரின்னா வித்தியாசம் 140. மே மாசம் 45 டிகிரின்னா வித்தியாசம் 105 தான். அதே வேகத்துல போனாலும் கால்வாசி சூடு குறைவாத்தான் வெளியேறும். வண்டி அதேதான், வானிலைதான் வேற.

தண்ணியில குளிர்ற வண்டிகள்ல கதை கொஞ்சம் மாறும். திருவொற்றியூர்ல பிறந்து வளர்ந்த நம்ம புல்லட் கம்பெனி 1955லேர்ந்து காத்தையே நம்பி ஓட்டிச்சு. 2023ல வந்த ஹிமாலயன் 450 தான் அவங்களோட முதல் லிக்விட் கூல்டு. இந்த மாதிரி வண்டிகள்ல ஓடும்போது கூலண்ட் பொதுவா 80-90 டிகிரி வாக்குல இருக்கும். சிக்னல்ல 100 தாண்டும், ஃபேன் சுத்தும், இறங்கும். 100ஐ தாண்டினா தண்ணி கொதிச்சிடுமேன்னு பயப்பட வேண்டாம். உள்ள அழுத்தம் இருக்கு, கூலண்ட்ல கிளைக்காலும் கலந்திருக்கு. பிரஷர் குக்கர் வச்சிருக்கற வீட்டுல இதை விளக்க வேண்டியதே இல்ல!

எங்க பக்கத்து பில்டிங் தம்பி ஒருத்தன் சென்னையிலேர்ந்து ரயில் பார்சல்ல வண்டியைக் கொண்டு வந்தான். சிக்னல்ல மீட்டர் 104 காட்டிச்சாம். ஒரு பட்டறையில "பாய் சாப், ஹெட் கோல்னா படேகா"ன்னு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துட்டாங்க. அவன் ஒரு மாச வாடகை! நான் சொன்னது ஒண்ணுதான்: "வந்தே மாதரம் மார்க்ல தௌலா குவான் வரைக்கும் நிதானமா ஓட்டிட்டு வா." போற வழியிலேயே 86க்கு வந்துடுச்சு. ஒரு வாரம் கழிச்சும் கூலண்ட் அளவு குறையல. ஹெட் இன்னிக்கு வரைக்கும் கழட்டல.

ஒரே ஒரு எண்ணைப் பாத்து பதறக் கூடாதுங்கறதுக்கு ஊருக்கே தெரிஞ்ச உதாரணம் உண்டு. 2024 மே 29 அன்னிக்கு முங்கேஷ்பூர்ல 52.9 டிகிரின்னு நாடே அலறிச்சு. அப்புறம் சோதிச்சுப் பாத்தா அந்த சென்சார் 3 டிகிரி கூடுதலா காட்டியிருக்கு. வண்டியிலயும் அப்படித்தான். எண் எவ்வளவுங்கறதை விட, ஏறுதா இறங்குதா, எப்ப ஏறுதுன்னு பாருங்க.

அதுக்காக எல்லாத்தையும் "நார்மல்"னு விட்டுடவும் கூடாது. ஓடும்போதே சூடு ஏறினா, ஃபேன் சுத்தலைன்னா, கூலண்டோ ஆயிலோ அடிக்கடி குறைஞ்சா, ஆயில் கருகற வாசனை வந்தா, இழுவை குறைஞ்சு இஞ்சின்ல 'கிணிங் கிணிங்'னு சத்தம் கேட்டா, ஓரமா நிறுத்தி அணைச்சுடுங்க. ஹைவேயில இஞ்சின் ஜாம் ஆனா பின் சக்கரமும் பூட்டிக்கும். போறது காசு மட்டும் இல்ல, உயிரும்தான்.

செய்யக் கூடாதது ரெண்டு. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க, முகத்துல அடிக்கும். சூடான இஞ்சின் மேல தண்ணி ஊத்தாதீங்க, உலோகம் திடீர்னு சுருங்கினா விரிசல் விடலாம். அணைச்ச பிறகு வர்ற 'டிக் டிக்' சத்தம் உலோகம் ஆறுற சத்தம்தான். சில வண்டிகள்ல ஃபேன் கொஞ்ச நேரம் தானா சுத்தும், அதுவும் சரிதான்.

செய்ய வேண்டியது? நீளமான சிக்னல்ல வண்டியை அணைங்க. 2020 அக்டோபர்ல தில்லி அரசாங்கம் "ரெட் லைட் ஆன், காடி ஆஃப்"னு பிரச்சாரமே பண்ணிச்சு. புகைக்காகச் சொன்னாங்க. இஞ்சினுக்கும் நல்லது, பர்சுக்கும் நல்லது. வாரம் ஒரு தடவை ஆயில் கண்ணாடியைப் பாருங்க. குழந்தைகளை எப்பவும் சைலன்சர் இல்லாத பக்கமா இறக்கி விடுங்க. நிறுத்தி பத்து நிமிஷம் ஆனாலும் அது சுடும்.

ஊரு புதுசு, பாஷை புதுசு. "ஹெட் கோல்னா படேகா"ன்னு ஒருத்தன் சொன்னா தலையாட்டத்தான் தோணும். தலையாட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஓடும்போது இறங்குதே, அப்புறம் எதுக்கு?" ஹிந்தி தெரியலைன்னா தமிழ்லயே கேளுங்க, மீட்டரைக் காட்டினா அவருக்குப் புரியும் :-)