மடையும் பாத்தியும்

மரக்காணத்து உப்பளங்களைக் கண்ட அன்பர்கள், பாத்திகள் பலவாயினும் அவற்றிற்கு நீர் கொணரும் வாய்க்கால் பொதுவென்பதை அறிவர். எப்பாத்திக்கு முதலில் நீர் பாய்வதென்பது மடையிலே தீர்மானமாகும். தன் வரப்பைத் திருத்தி ஒருவன் முறையை மாற்றிக்கொள்ளல் இயலாது.

லினக்ஸ் கணினிகளைப் பரிபாலிக்கும் நம் மாணவரிற் சிலர் இதனை மறந்துவிடுகின்றனர். பல தட்டுகளை ஒன்றாக்கி, வேண்டியவாறு பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் தனித் தட்டே போலக் காட்டுவது லாஜிக்கல் வால்யூம். சென்னைச் சி-டாக் நிலையத்தார் வெளியிட்ட பாஸ் லினக்ஸிலும் பிறவற்றிலும் இதன் இயக்கம் ஒன்றே.

சென்ற பரீட்சைக் காலத்தில் நமது புத்தகசாலையின் நூற்பட்டியல் திறவாமல் மாணவர் நெடுநேரம் காத்து நின்றனர். உதவ வந்தோர் பழைய குறிப்பொன்றைப் பார்த்து, வால்யூமுக்குச் சி.எப்.க்யூ என்னும் ஷெட்யூலரை இட முயன்றனர். பலிக்கவில்லை. அந்த ஷெட்யூலர் 2019இல் வந்த 5.0 கெர்னலிலேயே நீக்கப்பட்டது. அன்றியும், சாதாரண வால்யூம் வேண்டுகோள்களைக் கீழே அனுப்புவதன்றி வரிசைப்படுத்துவதில்லை. அதற்குரிய மடை தட்டினிடத்தே உள்ளது. நிமிஷத்திற்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு எட்டு மில்லிசெகண்டுக்குச் சற்று மேல் எடுப்பதால், அங்கே எம்.க்யூ-டெட்லைனோ பி.எப்.க்யூவோ பயன் தரும். சுழலாத எஸ்.எஸ்.டி.க்கு ஷெட்யூலர் வேண்டாமென விடுதலே பலவிடத்தும் நன்று.

ரீட்-அஹெட்டின் நிலைமையோ நேர்மாறானது. தொடர்ந்து படிக்கப்படும் கோப்பில் எவ்வளவு முன்கூட்டி எடுத்துவைப்பதென்னும் அளவு அது. உப்பு விளையும் பாத்திக்கு முன்னே உவர்நீரைச் செறியவைக்கும் பாத்தி போன்றது. கோப்புகள் வால்யூமின்மேல் அமைந்திருப்பதால், இவ்வளவை வால்யூமிலே இடவேண்டும். தட்டில் இடுவது வீண். வழக்கமான 128 கிலோபைட்டை ஓலைச்சுவடிப் படங்கள் போன்ற பெருங்கோப்புகளுக்கு உயர்த்தலாம். அங்குமிங்கும் சிறு துணுக்குகளைத் தேடும் நூற்பட்டியலுக்கு உயர்த்துவதாற் பயனில்லை. படிக்கப்படாத பைட்டுகள் நினைவகத்தை நிரப்புதலும் உண்டு.

அயலார் தம் கணினிக்கு எழுதிய எண்களை அப்படியே நகல் செய்யும் பழக்கத்தை நாம் வன்மையாய்க் கண்டிக்கின்றோம். (எண் பெரிதாயிருப்பின் அஃது இன்னும் வேகமாய்ப் பரவுகின்றது!) ஐயோஸ்டாட்டைக் கொண்டு காத்திருப்பு நேரத்தை முன்னும் பின்னும் அளந்து குறிப்பேட்டில் எழுதுக. யூடெவ் விதியாக எழுதாத மாற்றம், கணினியை மறுபடி தொடங்கியதும் மறைந்துபோகும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

நாமும் ஒருவாரம் அளந்து பார்த்தோம். தட்டு திணறியதெல்லாம் முற்பகலில், காப்புப்பிரதி எடுக்கும் வேளையில். அவ்வேலையை இரவுக்கு மாற்றியபின், எந்த எண்ணையும் தொடாமலே, பட்டியல் உடனே திறந்தது.