ஆண்டு எழுதப்படாத தேதி

ஜனவரி மாலைகளில் டெல்லியின் லோதி ரோட்டில் பனிமூட்டம் சீக்கிரமே இறங்கிவிடுகிறது. மரங்களுக்கு அப்பால் பழைய சுல்தான்களின் கல்லறைக் குவிமாடங்கள் சாம்பல் நிறத்தில் மெல்லக் கரைகின்றன. அவை நிற்கும் லோதி தோட்டத்தைத் தாண்டி வடக்கே நடந்தால், முன்னொரு காலத்தில் அல்புகர்க் சாலை என்று வழங்கிய தெரு வரும். இன்று அதன் பெயர்ப்பலகையில் இருப்பது ஒரு தேதி: தீஸ் ஜனவரி மார்க், ஜனவரி 30 சாலை. நாளும் மாதமும் உண்டு, ஆண்டு இல்லை.

அந்த ஆண்டைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1948, வெள்ளிக்கிழமை, மாலை 5.17. தம் கடைசி 144 நாட்களை இந்தத் தெருவின் பிர்லா மாளிகையில் கழித்த காந்தி, பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டதே என்று அன்று விரைந்து நடந்தார். அவருடைய செயலாளர் கல்யாணம், நம் தமிழர், துப்பாக்கி வெடித்தபோது சில அடி தூரத்தில்தான் இருந்தார். அந்த நடை இன்றும் பாதச் சுவடுகளாக அறையிலிருந்து புல்வெளி வரை நீண்டு, ஓரிடத்தில் நின்றுவிடுகிறது.

ஆண்டைச் சொல்லாத பலகையோ இன்னும் பின்னே அழைத்துச் செல்கிறது. அதற்குச் சரியாக 74 ஆண்டுகளுக்கு முன், 1874-இல், அதே ஜனவரி 30, அதே வெள்ளிக்கிழமை, மேட்டுக்குப்பத்தில் வள்ளலார் சித்திவளாக அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். பிறகு அவரை எவரும் காணவில்லை. ஆனால் பசித்தவர்க்காக 1867-இல் வடலூர் தருமசாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. 1910-இல் இதே நாளில் பொள்ளாச்சிப் பக்கம் பிறந்த சி. சுப்பிரமணியம், 1964-இல் இதே டெல்லியில் உணவு அமைச்சராகி, பசித்த நாட்டின் வயல்களுக்குப் பசுமைப் புரட்சியைக் கொண்டுவந்தார்.

கடல் கடந்தும் இந்த நாளுக்கு ஒரு துயரம் உண்டு. 1972, ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை. வட அயர்லாந்தின் டெர்ரி நகரில், விசாரணையின்றிச் சிறை வைப்பதை எதிர்த்து மக்கள் ஊர்வலம் போனார்கள். ரௌலட் சட்டத்தைக் கண்ட நமக்கு அந்தக் கோபம் புதிதன்று. பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் அன்றே 13 பேர் இறந்தார்கள். காயமுற்ற இன்னொருவர் பின்னர் இறந்தார். அவ்வாண்டே வந்த முதல் விசாரணை அறிக்கை படையினரைப் பெரும்பாலும் விடுவித்தது. இறந்தவர்களின் குடும்பத்தார் ஓயவில்லை. ஆண்டுதோறும் அந்த நாளையொட்டி அதே தெருக்களில் நடந்தார்கள். 38 ஆண்டுகள் கழித்து, 2010-இல், பிரிட்டிஷ் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இவற்றை ஒரே நாளில் கொண்டுவந்து நிறுத்தியது காலத்தின் தற்செயல். செக்குமாடுபோலச் சுற்றிவரும் நாள்காட்டிக்குத் துக்கமும் தெரியாது, நன்றியும் தெரியாது. டெர்ரியின் குடும்பத்தார் நடந்திராவிட்டால் அந்த ஞாயிறு பொய்யாகவே உறைந்துபோயிருக்கும். வடலூர் அடுப்பும் தானாக எரிவதில்லை; ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் விறகைத் தள்ளிவிடுகிறார். பெரியவர்கள் விட்டுச்சென்ற சொத்தில் நம் பங்கு இந்த வேலைதான் என்று தோன்றுகிறது. இன்று நம்மைத் தூங்கவிடாத அவசரங்கள் அடுத்த ஜனவரிக்குள் பழங்கதையாகிவிடும். இந்த வேலை மிஞ்சியிருக்கும்.

ஒரு காலை, காந்தி நடந்த அந்தப் புல்வெளிக்குப் போயிருந்தபோது, பெரியவர் ஒருவர் குனிந்து, பாதச் சுவடுகளின் மேல் உதிர்ந்த சருகுகளைத் துடைப்பத்தால் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டிருந்தார். கடைசிச் சுவடு வந்ததும் சற்று நின்றார். பிறகு திரும்பி, மறுபடியும் முதல் சுவட்டை நோக்கி நடந்தார். அதற்குள் அங்கே புதிய சருகுகள் விழுந்திருந்தன.