மீன் காட்டும் கருவியில் பொய்ப் புள்ளிகள்

நம் வாசகக் குடும்பங்களில் கரையோர ஊர்களில் வேர்விட்டவை பல. ஆகவே, கடலைக் காணாத முகப்பேரிலிருந்து ஒரு சகோதரர் படகைப் பற்றிக் கேட்டு எழுதியிருப்பதில் வியப்பில்லை. காசிமேட்டில் அவருடைய மைத்துனர் பங்கு வைத்திருக்கும் விசைப்படகில், ‘எக்கோ சவுண்டர்’ எனப்படும் மீன் காட்டும் கருவியின் திரை முழுவதும் புள்ளிகளும் கோடுகளுமாகக் கலங்கித் தெரிகிறதாம். புதுக் கருவி வாங்கச் சொல்கிறார்களாம். வாங்கத்தான் வேண்டுமா என்பது கேள்வி.

அவசரம் வேண்டாம். இத்தகைய கலக்கத்திற்குப் பெரும்பாலும் காரணம் கருவியன்று. அதே படகில் ஓடும் பிற மின்சாதனங்களும் அவற்றின் கம்பிகளுமே.

கருவி செய்யும் வேலை எளியது. படகின் அடியிலுள்ள உணரி, நொடிக்கு 50,000 அல்லது 2,00,000 அதிர்வுகள் கொண்ட ஒலியைக் கீழே அனுப்புகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். 75 மீட்டர் ஆழத்துத் தரையைத் தொட்டுத் திரும்ப நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆனால் திரும்பி வரும் எதிரொலி மிக மிக மெலிந்தது. அதைப் பன்மடங்கு பெருக்கினால்தான் திரையில் காட்ட இயலும். பெருக்கும்போது, அருகில் மின்சாரம் எழுப்பும் இரைச்சலும் சேர்ந்தே பெருகிவிடுகிறது. அடுக்களையில் மிக்ஸி ஓடும்போது வானொலி கரகரப்பதை அறியாத இல்லத்தரசி உண்டா? இதுவும் அதுவே. வேறுபாடு ஒன்றுதான்: கரகரப்பைப் பாட்டென்று எவரும் எண்ணுவதில்லை, புள்ளியை மீனென்று எண்ணி டீசலை எரிப்பவர் உண்டு.

இக்கருவியை 1948இல் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானின் ஃபுருனோ சகோதரர்கள். நாகசாகிப் பகுதியில் படகுகளுக்கு மின்வேலை பார்த்து வந்தவர்கள் அவர்கள். மீன் உள்ள இடத்தில் குமிழி எழும் என்று பழுத்த மீனவர் ஒருவர் கூறியதே அவர்களுக்குப் பொறி தட்டியதாம். காற்று ஒலியை நன்கு எதிரொலிக்கும். பல மீன்களின் வயிற்றிலுள்ள காற்றுப்பைதான் திரையில் பளிச்சிடுகிறது. இதை நினைவில் வைத்தல் நலம். ஏனெனில், விசிறி கிளப்பும் நீர்க்குமிழிகளும் அவ்வாறே மீன்போலக் காட்டும்.

ஆகவே முதற்சோதனை: படகை நிறுத்தி, கியர் போடாமல் எஞ்சினை மட்டும் வேகப்படுத்திப் பாருங்கள். புள்ளிகள் பெருகினால் குற்றம் பெரும்பாலும் மின்சாரத்தினுடையது, ஆல்டர்நேட்டரை ஐயுறலாம். படகு ஓடும்போது மட்டும் தோன்றினால் குமிழிகளையே ஐயுற வேண்டும்; உணரியை இடம் மாற்றுவதே வழி. திரையில் ஒழுங்கான சாய்கோடுகள் தெரிந்தால், அருகிலுள்ள படகொன்று அதே அதிர்வெண்ணில் கருவியை இயக்குகிறது எனலாம்.

மின்சாரக் குற்றமாயின், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு விளக்கு, இன்வெர்ட்டர், நீர் இறைக்கும் பம்பு, வயர்லெஸ் என ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் திரை கலங்குகிறதோ அதுவே குற்றவாளி. அடுத்து, கருவியைத் தனி 12 வோல்ட் பாட்டரியில் இணைத்துப் பாருங்கள். கலக்கம் மறைந்தால் அது மின்னிணைப்புக் கம்பி வழியே வந்தது. மறையாவிடின் உணரியின் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். அப்போது மறைந்தால் இரைச்சல் அந்த வழியே நுழைகிறது.

பரிகாரம் செலவு மிகுந்ததன்று. பச்சை பூத்த முனைகளைச் சுரண்டித் துலக்க வேண்டும். பிற சாதனங்களோடு சேர்க்காமல், பாட்டரியிலிருந்தே ஃபியூஸ் வைத்துக் கருவிக்குத் தனிக் கம்பி இழுக்க வேண்டும். அவ்விரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுசெல்வது மேலும் நலம். உணரியின் கம்பியை மற்றவற்றோடு சேர்த்துக் கட்டுவதே நம் படகுகளில் காணும் பெருந்தவறு. அழகாகக் கட்டியிருப்பார்கள், அந்த அழகுதான் கேடு! இரண்டு சாணாவது விலக்கி, கடந்தே தீர வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடத்துங்கள். நீளம் மிஞ்சினால் வெட்டி ஒட்ட வேண்டாம். கணினிக் கம்பிகளில் குமிழ்போல் காணும் ஃபெரைட் வளையத்தை மாட்டுவதும் உதவும். கருவியிலுள்ள இரைச்சல் வடிகட்டியை முழுதும் ஏற்றிவைப்பது மட்டும் கூடாது. சிறு மீன்களும் அதில் மறைந்துபோகும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும் காலமே இவ்வேலைக்கு ஏற்றது. வலையையும் எஞ்சினையும் பழுது பார்ப்போர் கம்பிகளையும் ஒருமுறை பார்த்தால் என்ன?

மீன் பிழைத்துப்போனால் நட்டம் பணத்தோடு போகும். அதே இரைச்சல் வயர்லெஸ்ஸில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. எல்.ஈ.டி. விளக்குகள் சில வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸை மூழ்கடித்து, ஆபத்து அழைப்பையே கேட்கவிடாமல் செய்கின்றன என அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018 ஆகஸ்டில் எச்சரித்தது. சோதனையையும் அதுவே கூறியது: பேச்சில்லாத சேனலில் வைத்து, இரைச்சல் கேட்கும்வரை ஸ்குவெல்ச் குமிழைத் திருப்பி, பின் இரைச்சல் சற்றே அடங்கும் நிலையில் நிறுத்துங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். மீண்டும் இரைந்தால் அந்த விளக்கை மாற்றிவிடும்படி மைத்துனரிடம் சொல்லுங்கள்.